வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது 1823இலா, 1872இலா?

பழைய மாணவர் மலர் ஒன்றுக்கு, உங்கள் பாட்டனார் படித்த வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறீர்கள். சில நூல்கள் அது 1823இல் தொடங்கியது என்றும், சில 1872இல் தொடங்கியது என்றும் சொல்வதால் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு காலத்தில் பல்கலைக்கழகமாகவே இருந்தது என்று ஊரில் சொல்லிக்கொள்வது உண்மையா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: 1823 முதல் 1855 வரை நடந்து மூடப்பட்ட ஒரு நிறுவனமும், பதினேழு ஆண்டுகள் கழித்து அதே வளவில் திறக்கப்பட்ட மற்றொரு நிறுவனமும் ஒன்றா, இரண்டா? யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் வரலாறு கற்பித்தவன், மிசன் பாடசாலைகளின் அச்சிட்ட அறிக்கைகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற அளவில் பதில் எழுதுகிறேன். அமெரிக்க மிசனின் கையெழுத்து ஆவணங்கள் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் உள்ளன. நான் அவற்றிலிருந்து அச்சில் வந்தவற்றை மட்டுமே வைத்துப் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் பார்ப்போம். அமெரிக்க மிசனரிமார் 1816இல் இலங்கைக்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்களை அமைத்தார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் கோயில்களும் குருமனைகளும் கூரையின்றிப் பாழடைந்து கிடந்த இடங்களே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தமிழ்ப் பள்ளிக்கூடங்களை ஊர்தோறும் திறந்த அவர்கள், சில ஆண்டுகளுக்குள்ளேயே உயர்கல்விக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்று முடிவுசெய்து, 1823இல் ஒரு திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்தத் திட்டம் வெளிப்படையாகவே "கல்லூரி" ஒன்றைக் கேட்டது. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றைத் தமிழ் இளைஞருக்குக் கற்பிப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் 1820இல் பதில் தேசாதிபதியாகவும் 1824 முதல் தேசாதிபதியாகவும் இருந்த எட்வேர்ட் பார்ண்ஸ், பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட தீவில் அமெரிக்கர்கள் காலூன்றுவதை விரும்பாதவர். 1820இல் அச்சகம் நடத்த வந்த ஜேம்ஸ் கரெட் என்ற அமெரிக்கரைத் தீவிலிருந்து வெளியேறச் சொன்னவரும் அவரே. ஆகையால் கல்லூரிக்குரிய சாசனம் கிடைக்கவில்லை. மிசனரிமார் காத்திருக்காமல் 1823 ஜூலையில் டானியல் பூவர் அவர்களைத் தலைவராகக் கொண்டு வகுப்புகளைத் தொடங்கிவிட்டார்கள். முதலில் "மத்திய பாடசாலை" என்ற அடக்கமான பெயரில் நடந்த அது, சில ஆண்டுகளில் வட்டுக்கோட்டைச் செமினரி ஆயிற்று. செமினரி என்றதும் குருமாருக்கு மட்டுமான மடம் என்று இன்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அங்கே படித்தவர்களில் மிகப் பலர் குருமாராக ஆகவில்லை. ஆசிரியர், எழுதுவினைஞர், மொழிபெயர்ப்பாளர், நொத்தாரிசு, நியாயதுரந்தரர் ஆனார்கள்.

அங்கே நடந்த கல்வியின் தன்மையை விளங்கிக்கொள்ள 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அராலியைச் சேர்ந்த விசுவநாத சாஸ்திரியார் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் பேர்பெற்ற பஞ்சாங்க கணிதர். அவர் பஞ்சாங்கத்தில் அந்தக் கிரகணத்தின் தொடக்க நேரம், நீடிக்கும் காலம், மறைக்கப்படும் அளவு ஆகியன குறிக்கப்பட்டிருந்தன. பூவர் ஐரோப்பிய முறையில் கணித்துப் பார்த்தபோது மூன்றிலும் வேறுபாடு தெரிந்தது. தொடக்க நேரத்தில் மட்டும் கால்மணியளவு வித்தியாசம். அவர் அதை முன்கூட்டியே மாணவர்களிடமும் ஊராரிடமும் அறிவித்துவிட்டார். செமினரியில் தமிழ் கற்பித்த சைவ ஆசிரியர்கள் பஞ்சாங்கத்தின் பக்கம் நின்றார்கள். அன்று மாலை கடிகாரத்தையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்து நின்றவர்கள் முன் பூவரின் கணக்கே சரியாக வந்தது. மிசனரிமார் இதைப் புராணத்தின் மீது விஞ்ஞானம் பெற்ற வெற்றியாக அமெரிக்காவுக்கு எழுதினார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பூவருக்குப் பின் செமினரியின் தலைவராக வந்த ஹென்றி ஹொய்சிங்டன், தமிழ் வானியல் முறையையே ஊன்றிக் கற்று, 1848இல் சோதி சாத்திர நூல் ஒன்றைத் தமிழ் மூலத்துடனும் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் வெளியிட்டார். சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. வாதத்துக்காகத் தொடங்கியது கற்றலாக மாறிய இந்த இடமே செமினரியின் வரலாற்றில் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது. யார் யாரை வென்றார்கள் என்பதோடு இந்த நிகழ்ச்சியை நிறுத்திவிடும் கட்டுரைகளைப் பின்பற்ற வேண்டாம்.

இந்த நிகழ்ச்சியை வைத்தே ஆவணங்களைப் பற்றிய ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். செமினரியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பெரும்பான்மையான எழுத்து, பொஸ்டனில் இருந்த அமெரிக்க மிசனின் தலைமைச் சபைக்கும், மாணவர்களுக்குப் பணம் கொடுத்த அமெரிக்க நன்கொடையாளருக்கும் அனுப்பப்பட்ட கடிதங்களும் அறிக்கைகளுமே. பணம் கொடுத்தவர் ஒரு மாணவனைத் தாங்கினால், அவர் விரும்பிய பெயர் அந்த மாணவனுக்கு இடப்பட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்று அக்காலத்து யாழ்ப்பாணத்து அறிஞர் பெயர்களில் அமெரிக்க முன்பெயர்கள் காணப்படுவது இதனால்தான். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பெயர் வழங்கி வந்தால் அது செமினரித் தொடர்புக்கு நல்ல தடயமாகும். ஆனால் உடுவில் மகளிர் பாடசாலையிலும் மற்ற மிசன் விடுதிகளிலும் இதே வழக்கம் இருந்தமையால் அதை முடிவான சான்றாகக் கொள்ள முடியாது. நன்கொடையாளருக்கு எழுதிய கடிதத்தில் மதமாற்றம் பெரிதாகவும், படித்துவிட்டுச் சைவராகவே வீடு திரும்பியவர்கள் சிறிதாகவும் தெரிவது இயல்பு. ஆகவே ஆண்டு, பெயர், பாடத்திட்டம் ஆகியவற்றுக்கு இந்த ஆவணங்களை நம்பலாம். மாணவர் மனத்தில் என்ன இருந்தது என்பதற்கு அவற்றை மட்டும் நம்பக் கூடாது. மாணவர்கள் தாமே எழுதியவை என்று பார்த்தால், 1841இல் தொடங்கிய உதயதாரகை முக்கியமானது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் செமினரியில் படித்த தமிழர்கள். அந்தப் பத்திரிகையில் வந்த கடிதங்களும் கண்டனங்களும் அக்காலத்து யாழ்ப்பாணத்தை மிசன் அறிக்கைகளைவிடத் தெளிவாகக் காட்டுகின்றன.

இனி, பல்கலைக்கழகம் என்ற கதை. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் வட்டுக்கோட்டைக்கு வந்து மாணவர்களைச் சோதித்துப் பார்த்தார். பின்னர் 1850இல் வெளியிட்ட நூலில், பாடத்திட்டத்திலும் அதைக் கற்பிக்கும் முறையின் வெற்றியிலும் இந்த நிறுவனம் பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்து எண்ணத்தக்கது என்று எழுதினார். இந்த வாக்கியம் பின்வந்தவர்களால் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறுகி, கடைசியில் "ஐரோப்பியப் பல்கலைக்கழகம் போன்றது" என்றும், அதற்கும் அப்பால் "ஆசியாவின் முதல் பல்கலைக்கழகம்" என்றும் ஆகிவிட்டது. டெனன்ட் சொன்னது பாடத்தின் தரத்தையும் கற்பித்தலையும் பற்றி மட்டுமே. செமினரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் ஒருபோதும் இருந்ததில்லை. கல்லூரி என்ற சாசனம்கூட மறுக்கப்பட்டது. ஆசியாவில் முதலாவது என்ற கூற்றும் நிற்காது, ஏனெனில் கல்கத்தாவின் இந்துக் கல்லூரி 1817இலும் செராம்பூர்க் கல்லூரி 1818இலும் தொடங்கியவை. இவ்வளவையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் உண்மையே போதிய பெருமை தருவது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முதலாகக் கலைமாணிப் பட்டப் பரீட்சை நடத்தியபோது தேறியவர்கள் இருவர், சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய அந்த இருவருமே வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். விசுவநாதபிள்ளை அதற்கு முன்பே, 1855இல், அட்சரகணிதத்தை வீசகணிதம் என்ற பெயரில் தமிழில் எழுதி வெளியிட்டிருந்தார். தாமோதரம்பிள்ளை பின்னாளில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். உங்கள் கட்டுரையில் பல்கலைக்கழகம் என்ற சொல்லை விட்டுவிட்டு இந்த இருவரையும் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அப்படிப்பட்ட நிறுவனம் 1855இல் ஏன் மூடப்பட்டது? மூடியவர்கள் சொன்ன காரணங்கள் தெளிவாகப் பதிவாகியுள்ளன. அமெரிக்க மிசனின் தலைமைச் செயலாளரான ரூபஸ் அண்டர்சனும் அவருடன் ஒரு குருவும் அந்த ஆண்டு இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள நிலையங்களைப் பார்வையிட வந்தார்கள். ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் அரச உத்தியோகத்துக்கும் கூடுதல் சம்பளத்துக்கும் போய்விடுகிறார்கள், தங்கள் சொந்த மக்களிடமிருந்து விலகுகிறார்கள், மிசன் செலவழிக்கும் பணத்துக்கு ஊர்ச் சபைகளுக்குப் போதகர் கிடைப்பதில்லை என்பது அண்டர்சனின் வாதம். சுயமொழியிலேயே கற்பித்து, உள்ளூர்ப் போதகரின் கீழ்த் தம் காலில் நிற்கும் சபைகளை உருவாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தாய்மொழிக் கல்வியை வெளிநாட்டவர் ஒருவர் அவ்வளவு உறுதியாக வற்புறுத்தியது கவனிக்கத்தக்கது. ஆனால் அவர் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. நிலம் குறைந்த, மழையை நம்பிய, பனையும் தோட்டமும் மட்டுமே கைகொடுத்த ஒரு குடாநாட்டில், ஆங்கிலக் கல்வி குடும்பம் பிழைக்கும் வழியாக மாறிவிட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் அந்தத் தேவையைச் செமினரியே உண்டாக்கியிருந்தது. அதை மூடியதால் தேவை மறைந்துவிடவில்லை.

அந்தத் தேவை எங்கே போயிற்று என்பதில்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. செமினரியில் ஆசிரியராயிருந்த பிரெக்கன்ரிட்ஜ் என்னும் தமிழர், மூடிய சிறிது காலத்திலேயே, வட்டுக்கோட்டையில் தம் முயற்சியால் ஓர் ஆங்கில உயர்தரப் பாடசாலையை நடத்தத் தொடங்கினார். 1860களின் பிற்பகுதியில் செமினரியின் பழைய மாணவர்களும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களும் கூடி, மறுபடியும் உயர்கல்வி நிறுவனம் வேண்டும் என்று கேட்டார்கள்; மிசன் முன்னின்று நடத்தாவிட்டால் தாமே நடத்துவதாகவும் பணம் சேர்ப்பதாகவும் சொன்னார்கள். அவர்கள் சார்பில் மிசனரியான சாண்டர்ஸ் அமெரிக்காவில் நிதி திரட்டினார். திரும்பி வந்ததும் 1871இல் காலமானார். அதனால் 1872 ஜூலையில் ஹேஸ்டிங்ஸ் முதல் அதிபராக, யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில், பழைய செமினரி வளவில் அது திறக்கப்பட்டது. நிர்வாகம் மிசனரிமாரும் உள்ளூர்க் கிறிஸ்தவரும் சேர்ந்த ஒரு சபையிடம் இருந்தது. மூலதனம் அமெரிக்காவில் தனி அறங்காவலரிடம் இருந்தது. நேரடியாக மிசனின் கீழ் அது இருக்கவில்லை. 1823இல் தொடங்கியது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விரும்பியது. 1872இல் தொடங்கியது இந்த ஊரார் கேட்டு வாங்கியது. பள்ளி வரலாற்றை எழுதுபவர்கள் முதலாவதைப் பல பக்கங்களில் எழுதி, இரண்டாவதை ஒரு பந்தியில் முடித்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. முதல் செமினரியைவிட இரண்டாவது தொடக்கமே நம் முன்னோரின் சொந்த வரலாறு.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இது: சட்டப்படியும் பெயர்ப்படியும் யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆண்டு 1872. செமினரி ஓய்வெடுக்கவில்லை, மூடப்பட்டது. அதை மூடியவர்கள் திரும்பத் திறக்கும் எண்ணத்தோடு மூடவில்லை. 1823 என்பது மரபுரிமைக் கோரிக்கை. அதே வளவு, அதே கோயில், பிரதம நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லியின் நினைவாகப் பெயரிடப்பட்ட ஒட்லி மண்டபம், கேட்டு வாங்கிய பழைய மாணவர்கள் ஆகிய எல்லாம் அந்தக் கோரிக்கைக்கு வலுவூட்டுவன. கல்லூரி நூலகம் டானியல் பூவரின் பெயரைத் தாங்கி நிற்பதும் அந்த உரிமையைக் கொண்டாடும் செயலே. ஒரு பள்ளி தன் தொடக்கத்தை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பது அந்தப் பள்ளிச் சமூகம் எடுக்கும் முடிவு. ஆவணங்களால் அந்த முடிவை ஆதரிக்கவோ மறுக்கவோ முடியும், அவர்களுக்காக முடிவெடுக்க முடியாது. இது வட்டுக்கோட்டைக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1886இல் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தொடங்கிய பட்டினத்து உயர்தரப் பாடசாலைதான் கைமாறி, 1890இல் சைவ பரிபாலன சபையின் பொறுப்பில் இந்து உயர்தரப் பாடசாலை ஆயிற்று. முந்தியதை எண்ணினால் ஓர் ஆண்டு, சைவ நிறுவனமாக எண்ணினால் வேறோர் ஆண்டு. இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: சைவரின் தலையாய கல்லூரிக்கு வித்திட்ட அந்த நெவின்ஸும் வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவரே.

1872க்குப் பின் நடந்தவற்றில், உங்கள் பாட்டனாரின் காலத்தை விளக்குவதற்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தொடக்க காலத்தில் கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு அதன் பரீட்சைகளுக்கு மாணவரை அனுப்பியது. பின்னர் கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகள் அந்த இடத்தைப் பிடித்தன. 1915 முதல் ஜோன் பிக்னெல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதிபராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் ஹன்டி பேரின்பநாயகம் அங்கே ஆசிரியராயிருந்தார். அவர் முன்னின்று 1924இல் உருவாக்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாக வளர்ந்து, 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. சாதியை எதிர்த்ததும் அதே இளைஞர்கள். இதை மறைக்காமல் எழுதுங்கள்: செமினரிக் காலத்தில் அங்கே இடம் பெற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளாளக் குடும்பங்களின் பிள்ளைகள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான இருக்கை வேண்டும் என்று அரசு பணித்தபோது, குடாநாட்டில் சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. 1930களில் படித்த உங்கள் பாட்டனார் இந்தக் கொந்தளிப்பின் நடுவே வகுப்பில் அமர்ந்தவர். குடும்பத்தில் யாராவது அதைப் பற்றி ஏதேனும் சொல்லக் கேட்டிருந்தால், அது எந்த அறிக்கையையும்விட உங்கள் கட்டுரைக்குப் பெறுமதியானது.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால், 1960இலும் 1961இலும் வந்த சட்டங்களின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, யாழ்ப்பாணக் கல்லூரி அரசிடம் போகாமல், கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாக இருக்கும் வழியைத் தேர்ந்தது. அரச உதவியும் இல்லாமல், மாணவர் கட்டணமும் இல்லாமல் நடத்துவது எவ்வளவு கடினமான தெரிவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1940களிலிருந்து அங்கே லண்டன் பட்டத்துக்கு மாணவரை ஆயத்தப்படுத்திய ஒரு பட்டதாரிப் பிரிவும் இருந்தது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் தொடங்கியபோது, அதன் விஞ்ஞான வகுப்புகள் முதலில் வட்டுக்கோட்டையில் அந்தப் பிரிவின் கட்டடங்களிலேயே நடந்தன. பல்கலைக்கழகத்தோடு உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் இதை எழுதலாம். இதில் மிகைப்படுத்தல் எதுவும் தேவையில்லை.

மலருக்கான வாக்கியத்தை நான் எழுதுவதென்றால் இவ்வாறு எழுதுவேன்: "1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் வழிவந்ததாகத் தன்னைக் கருதும் யாழ்ப்பாணக் கல்லூரி, அந்தச் செமினரியின் பழைய மாணவரும் ஊராரும் கேட்டதன் பேரில் 1872இல் அதே வளவில் நிறுவப்பட்டது." சற்று நீளமானதுதான், ஆனால் இதில் எந்தச் சொல்லையும் யாரும் மறுக்க முடியாது. உங்கள் பாட்டனார் சேர்ந்த ஆண்டு, வகுப்பு, விளையாட்டு, சங்கங்கள் ஆகியவற்றுக்குக் கல்லூரியின் அனுமதிப் பதிவேட்டையும், அக்காலத்தில் வெளிவந்த கல்லூரிச் சஞ்சிகையான மிசெலனியின் பழைய இதழ்களையும் பாருங்கள். சஞ்சிகையில் சங்கக் கூட்டங்களின் குறிப்புகள் பெயர்களோடு வரும். மாணவர் எதைப் பற்றி வாதிட்டார்கள் என்பதும் அதில் இருக்கும். பெயர் எழுதும் முறை அப்போது ஒரே சீராக இல்லாததால், தந்தையின் பெயரை வைத்தும், முதலெழுத்துகளை மாற்றியும், ஊர்ப் பெயரை வைத்தும் தேடுங்கள். கிடைத்த பக்கத்தைப் படமெடுக்கும்போது இதழின் தொகுதி எண்ணும் மாதமும் தெரியும்படி அட்டையையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.